எந்தப் பக்கத்தார்

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் எந்தப் பக்கத்தார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, இல்லாமல் இல்லை. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். வாட்ச்மேனில் தொடங்கி பெரிய டாக்டர் வரைக்கும் அவர் எந்தப் பக்கத்தார்தான். அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனுஷன் உயிரையே விட்டிருப்பார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அவர் டாக்டர் இல்லை. கம்பவுண்டரும் இல்லை. பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் வேலை என்று கேள்விப்பட்டதும் அக்கம்பக்கத்தார் மாத்திரை அட்டையோடு வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்லியே என் தொண்டை வறண்டுபோனது. அவர் செய்வது கோடிங். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனதும் அவருடைய ஃபைல் ரெக்கார்டு அறைக்கு வரும். ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு வலிக்கும் ஒரு தடிப் புத்தகத்தில் நம்பர் இருக்கிறது. டாக்டர் எழுதியிருப்பதைப் படித்து, அதற்கு உரிய நம்பரைத் தேடிப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவ்வளவுதான் என்று நான் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்த அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், துணி வெளுக்கிற இடத்தை ஒட்டி இருக்கிறது. ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் சுற்றினால் இந்தப் பக்கம் மேஜையில் பேனா தானாக உருளும். அங்கே நாலு பேர் உட்கார்ந்து மனுஷ உடம்பைப் பாகப்பிரிவினை செய்திருக்கிறார்கள். ஒருவருக்குத் தலை, ஒருவருக்கு நெஞ்சு, கண்ணாடி போட்ட ஒரு பெண்ணுக்குக் கைகால். விலாவுக்குக் கீழே, தொடைக்கு மேலே இருப்பதெல்லாம் என் வீட்டுக்காரருடைய ராஜ்ஜியம். ஊரார் வயிற்று வலியில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

வயிற்று வலி என்றால் வயிற்று வலி என்றுதான் கல்யாணத்துக்கு முன்னால் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். மேல் வயிற்றில் வலது பக்கம் வலித்தால் ஒரு நம்பர், இடது பக்கம் வலித்தால் வேறு நம்பர், நடுவில் வலித்தால் இன்னொன்று. தொப்புளைச் சுற்றி வலித்தால் தனி. கீழ் வயிற்றில் மறுபடியும் வலது, இடது. இடுப்புக்கூட்டுக்குள் வலித்தால் அது வேறு கதை. எல்லாமே ஆர் பத்து என்று தொடங்கி, புள்ளிக்குப் பிறகு பிரிந்து போகும். ஒரு சாண் வயிற்றுக்கு இத்தனை தெருவா என்று நான் கேட்டேன். "நீ ஒரு ஜாக்கெட்டுக்கு எத்தனை அளவு எடுக்கறே?" என்று திருப்பிக் கேட்டார்.

ஆமாம், நான் தையற்காரி. அவர் முதல்முதலில் நான் வேலை பார்த்த கடைக்கு வந்தது ஒரு பேண்டைத் தைத்து வாங்கத்தான். வலது பாக்கெட் கிழிந்திருக்கிறது என்றார். பேண்ட் என் கையில் என்னைப் பார்த்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. "உங்க வலதா, என் வலதா?" என்று கேட்டேன். மனுஷன் அப்படியே வாயைப் பிளந்தபடி நின்றார். நோயாளியின் வலதுதான் வலது, பார்க்கிறவனின் வலது இல்லை என்று டாக்டர்களிடம் கத்திக் கத்தி நொந்துபோயிருந்தவராம். அடுத்த மாதமே அவருடைய அக்காவை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்துவிட்டார். என் மூக்கையும் முழியையும் அவர் நிமிர்ந்து பார்த்தது அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன்.

எல்லா வலி நம்பருக்கும் கடைசியில் ஒன்று இருக்கிறது. ஆர் பத்து புள்ளி ஒன்பது. வயிற்று வலி, இடம் குறிப்பிடப்படவில்லை என்று அர்த்தம். அதற்கு அவர் வைத்த பெயர் சோம்பேறி நம்பர். டாக்டர் வெறுமனே 'வயிற்று வலி' என்று எழுதி அனுப்பினால், வேறு யாராக இருந்தாலும் அந்த நம்பரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் போட மாட்டார். ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி அனுப்புவார்: "வயிற்று வலி என்று குறித்துள்ளீர்கள். எந்தப் பக்கம்? மேலா, கீழா? தயவுசெய்து தெரிவிக்கவும்." பதில் வராவிட்டால் இரண்டாவது சீட்டு. அதற்கும் வராவிட்டால் மூன்றாவது சீட்டோடு தானே நேரில் போய் நிற்பார். பெயர் வந்தது அப்படித்தான்.

இது ஒரு கிறுக்கு. இன்னொன்று இதைவிடப் பெரியது. டாக்டர் எழுதாததை இவர் எழுத மாட்டார். ஃபைலில் காய்ச்சல் இருக்கும், வாந்தி இருக்கும், ரத்தப் பரிசோதனை இருக்கும். என்ன நோய் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் டாக்டர் நோயின் பெயரை எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் காய்ச்சல், வாந்தி, அதோடு நிறுத்திக்கொள்வார். தொழிலில் அது சட்டம், சரி. மனுஷன் அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மூக்கு சிவந்து பத்துத் தும்மல் போட்டுவிட்டு, "எனக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்குங்க" என்றால், "தும்மல் இருக்கு, மூக்குல தண்ணி இருக்கு. அதுக்கு மேல நமக்குத் தெரியாது" என்பார். வானம் இருட்டி இடி இடிக்கும். மாடியில் துணி காயும். மழை வருமா என்றால், "மேகம் இருக்கு. சத்தம் இருக்கு" என்பார். நான் ஓடிப்போய்த் துணியை எடுப்பேன்.

இவருடைய மஞ்சள் சீட்டை அதிகம் வாங்கியவர் ஒரு ஆபரேஷன் டாக்டர். எழுத்தெல்லாம் கொக்கி கொக்கியாக இருப்பதால் ரெக்கார்டு அறையில் அவருக்குக் கொக்கி டாக்டர் என்று பெயர். ஒரு நாள் மூன்றாவது சீட்டோடு இவர் போய் நின்றபோது, அந்த டாக்டர் நடைபாதையில் எல்லோர் முன்னிலும் பொரிந்து தள்ளிவிட்டார்.

"யோவ் எந்தப் பக்கத்தாரே! வலியில துடிக்கிறவன் ஸ்கேல் வச்சு அளந்தா சொல்லுவான்? ஒரு நாள் உமக்கு வலிக்கும். அன்னிக்கு நான் கேக்கறேன் எந்தப் பக்கம்னு. என்ன சொல்றீருன்னு பாக்கறேன்!"

"சரியாச் சொல்லுவேன் டாக்டர்" என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். சொல்லிவிட்டு வந்ததோடு நிற்காமல், வீட்டில் என்னிடமும் நாலு தடவை சொன்னார். எனக்கு அப்போதே சொரேர் என்றிருக்க வேண்டும். பொத்தான் தைக்கிற மும்முரத்தில் விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டீயைக் கையில் கொடுத்தேன். வேண்டாம் என்றார். டீயை வேண்டாம் என்று சொல்கிற ஆளே இல்லை அவர்.

"என்னங்க, என்ன பண்ணுது?"

"தொப்புளைச் சுத்தி வலி. புள்ளி மூணு மூணு" என்றார். அவர் முகத்தில் வலியைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. கொக்கி டாக்டர் கேட்டால் சொல்லத் தயாராக இருந்தார்.

ஒன்பது மணிக்குக் கேட்டேன். கொஞ்சம் கீழே என்றார். "காலையில தொப்புள்னீங்களே?" என்றேன். "தொப்புள்னு நான் எங்க சொன்னேன்? சுத்தின்னு சொன்னேன்" என்று சண்டைக்கு வந்தார். எனக்கு இந்த மாதிரி ஆட்களைத் தெரியும். கை நீளம் இவ்வளவுதான் வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டு, தைத்து முடித்ததும் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிப்பார்கள். அதனால்தான் சொன்ன உடனே துணியிலேயே கோடு போட்டுவிடுவேன். பெட்டியிலிருந்து நீலச் சாக்பீஸை எடுத்துவந்தேன்.

"நேரா நில்லுங்க. காலையில எங்க? விரலை வைங்க."

வைத்தார். சட்டை மேலேயே ஒரு வட்டம் போட்டு ஏழு என்று எழுதினேன். இப்போது எங்கே? அங்கே ஒரு வட்டம், ஒன்பது. அது நான் தைத்த புது வெள்ளைச் சட்டை. போகட்டும் என்று விட்டேன்.

"கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"இரு. ஒரு இடத்துல நிக்கட்டும். நகர்ந்துக்கிட்டே இருக்கற வலியைக் கொண்டுபோய் எந்தப் பக்கம்னு சொல்லச் சொல்றே? இன்னிக்கு ட்யூட்டி கொக்கி டாக்டர். அவர்கிட்ட போய் முழிக்கணுமா?"

"வலிக்குதுன்னு சொல்லுங்க. அவர் பாத்துக்கறார்."

"அதுக்குப் பதினெட்டு வருஷம் நான் சீட்டு அனுப்பியிருக்க வேண்டாமே!"

பாருங்கள், எப்பேர்ப்பட்ட ஆள் என் தலையில் எழுதியிருக்கிறது என்று. பன்னிரண்டு மணிக்கு மூன்றாவது வட்டம். இன்னும் கீழே, வலது பக்கமாகச் சரிந்திருந்தது. நிமிர்ந்து நிற்க முடியவில்லை. வாந்தி எடுத்தார். உடம்பு சுட்டது. இரண்டு மணிக்கு நாலாவது வட்டம், இடுப்பு எலும்புக்குச் சற்று உள்ளே. "வலது கீழ். புள்ளி மூணு ஒண்ணு. இது நின்னுடும்னு தோணுது" என்றார், வியர்வை சொட்டச் சொட்ட.

"ஏங்க, இது என்னங்க வலி? உங்களுக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமா இதைத்தானே பாக்கறீங்க?"

"வலி இருக்கு. வாந்தி இருக்கு. சூடு இருக்கு."

"ஐயோ, அது எனக்கும் தெரியுது! என்ன நோய்னு கேக்கறேன்."

"அதைச் சொல்றது என் வேலை இல்லை."

கையில் கத்தரிக்கோல் இருந்தது. ஜாக்கிரதையாக மேஜையில் வைத்துவிட்டு, தம்பிக்கு போன் போட்டேன். என் தம்பி ரொட்டிக்கடை வேன் ஓட்டுகிறான். லோடு இறக்கிவிட்டு வருகிறேன் என்றான்.

நாலு மணிக்கு வலி நின்றது. திடீரென்று, குழாயை மூடியது போல. "அப்பாடா, போயிடுச்சு!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாம் வாயுவாகத்தான் இருந்திருக்கும், கொஞ்சம் கஞ்சி குடியுங்கள் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனேன். கஞ்சியோடு திரும்பி வந்தபோது அவர் தலையைக் குனிந்து தன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு, ஒன்பது, பன்னிரண்டு, இரண்டு என்று ஒவ்வொரு வட்டமாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இந்த ஃபைலை நான் பாத்திருக்கேன்" என்றார்.

"யாரோட ஃபைல்?"

"நிறைய பேரோடது. தொப்புள்ல ஆரம்பிச்சு, வலது கீழ வந்து, அப்புறம் சட்டுனு நின்னுடும்."

"நின்னா நல்லதுதானே? அவங்கள்லாம் எப்படி இருக்காங்க?"

அவர் விரல் இரண்டு மணி வட்டத்திலேயே நின்றது. கஞ்சிக் கிண்ணத்தை மேஜையில் வைத்தேன்.

"சொல்லுங்க. அது என்னது?"

"டாக்டர் இன்னும் எழுதலை."

"டாக்டரும் இங்க இல்லை, ஃபைலும் இங்க இல்லை! நான் உங்க பொண்டாட்டி. இப்ப நீங்க சொல்லலைன்னா இந்த வாழ்நாள்ல நான் உங்களோட பேச மாட்டேன். சத்தியமா பேச மாட்டேன்!"

உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "கே முப்பத்தஞ்சு" என்றார்.

"அது என்ன, பஸ் நம்பரா?"

"அப்பெண்டிக்ஸ்" என்றார் அவர். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். "உள்ள வெடிச்சிருக்கும். எனக்குக் காலையிலேயே தோணிச்சு."

காலையிலேயே தோன்றியதாம்! அடிக்கலாமா அழலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமில்லை. வாசலில் வேன் ஹாரன் கேட்டது.

"மாமா, மெதுவா ஏறுங்க மாமா" என்று தம்பி ரொட்டித் தட்டுகளை ஒதுக்கிப் படுக்க இடம் செய்தான். போகிற வழியில் வலி திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை அதற்கு எல்லையே இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் என் கையை நெரித்தார். தம்பி ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மன்னிச்சுக்கோங்க மாமா" என்றான். பள்ளத்தை விட்டு ஓட்டடா என்று நான் கத்தினேன். "ரோடே பள்ளம்தான்க்கா" என்றான்.

எமர்ஜென்சியில் கொக்கி டாக்டர்தான் நின்றிருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, எந்தப் பக்கத்தார்! வாரும். சொல்லும், எந்தப் பக்கம்? மேலா, கீழா? தயவுசெய்து தெரிவிக்கவும்!"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். பதினெட்டு வருஷமாகக் காத்திருந்த கேள்வி. நாக்கு புரளவில்லை. "எல்லா... எல்லாப் பக்கமும்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியினாலா, அவமானத்தினாலா என்று எனக்குத் தெரியாது. டாக்டர் வயிற்றில் கையை வைத்தார். வைத்ததும் சிரிப்பு போய்விட்டது. அப்புறம்தான் சட்டையைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"வலி நகர்ந்த நேரம் டாக்டர். சொன்னதை இல்லைன்னு சாதிச்சார். அதனால சாக்பீஸ்ல போட்டேன். ரெண்டு மணிக்கு வலது கீழ. நாலு மணிக்கு நின்னு, வர்ற வழியில மறுபடி பிடிச்சுக்கிச்சு."

"யாரோட வலது?"

"படுத்திருக்கறவரோட வலது."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "குடும்பமே இப்படித்தானா?" என்றார். அடுத்த நொடி ஆள் மாறிவிட்டார். "சிஸ்டர், தியேட்டருக்குச் சொல்லுங்க. உடனே! அந்தச் சட்டையை வெட்டாம கழட்டுங்க. அது எனக்கு வேணும்."

வெளியே ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கே வயிறு பிசைய ஆரம்பித்தது. குனிந்துகொண்டேன். ஒரு நர்ஸ் வந்து, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டாள். கையை மேலே வைத்தேன், கீழே வைத்தேன், நெஞ்சு வரைக்கும் கொண்டுபோனேன். சொல்லத் தெரியவில்லை. அந்த மனுஷன் இல்லாத வீட்டை ஒரே ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது. தம்பி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

பிழைத்துக்கொண்டார். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, ரெக்கார்டு அறையிலிருந்து கண்ணாடிப் பெண் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தாள். அவரவர் ஃபைலுக்கு அவரவரே நம்பர் போடக் கூடாதாம். இவருடைய ஃபைல் அவள் மேஜைக்குத்தான் போயிருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று அவள் கேட்பதற்கு முன்னாலேயே இவர், "எனக்கு என்னம்மா போட்டே?" என்றார்.

"கே முப்பத்தஞ்சு சார். வெடிச்சது."

"ஆர் பத்து?"

"அது எப்படி சார் போடறது? நோய்க்குப் பேர் கிடைச்சுட்டா வலிக்குத் தனியா நம்பர் கிடையாதே. விதி உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்தும் முகம் தொங்கிவிட்டது. "நாலு வட்டம் வலிச்சுது. ஒரு நம்பர்கூட இல்லை" என்று முனகினார். ஆனால் கொக்கி டாக்டர் அந்த ஃபைலை ஒரு கொக்கிகூட இல்லாமல், ஒண்ணாங் கிளாஸ் வாத்தியார் மாதிரி முத்து முத்தாக எழுதியிருந்தாராம். கண்ணாடிப் பெண் பையிலிருந்து சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதில் ஒரு மஞ்சள் சீட்டு குத்தியிருந்தது. "எந்தப் பக்கம் என்பதில் இன்னும் ஐயம் இருப்பின் இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதி, கீழே டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். இவர் சிரித்தார். தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐயோ அம்மா என்று கத்திக்கொண்டே சிரித்தார்.

அந்தப் பெண் போனபிறகும் வலிக்கு நம்பர் இல்லாத பாட்டையே பாடிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வலிச்சது உங்களுக்கு மட்டும்தானா? காலையிலேயே தோணியும் வாயைத் திறக்கலை. நீங்க உள்ள படுத்திருந்தீங்க. நான் அந்தப் பெஞ்சுல வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எப்படித் துடிச்சேன்னு உங்களுக்குத் தெரியுமா? எழுந்து நிக்க முடியலை தெரியுமா?"

அவர் சட்டென்று என்னைப் பார்த்தார். "எந்த..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது. நான் முறைத்தேன். அப்படியே நிறுத்திக்கொண்டார். பிறகு தையல் மெஷின் மேல் கிடந்த என் அளவு நோட்டை எடுத்தார். அதில் வாடிக்கைக்காரர்கள் பெயருக்கு எதிரே தோள், மார்பு, இடுப்பு என்று அளவுகள் இருக்கும். ஒரு புதுப் பக்கத்தில் என் பெயரை எழுதி, தேதி போட்டு, எதிரே ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார்.

ஆர் பத்து புள்ளி ஒன்பது.

"இது சோம்பேறி நம்பராச்சே?" என்றேன்.

"ஆமா."

"மூணு சீட்டு அனுப்பலையா?"

"வேண்டாம்" என்றார். "நீ வலிச்சதுன்னு சொல்லிட்டே. அது போதும்."

பதினெட்டு வருஷத்தில் எந்தப் பக்கம் என்று கேட்காமல் அந்த மனுஷன் போட்ட ஒரே நம்பர் அது.